களிமண் கலை: சிரமங்களும் பலன்களும்

க.பொ.த. (சாதாரண தரம்) சித்திரப் பாடத்திற்கான துணைக் கட்டுரை



மட்பாண்டம், சுடுமண் சிற்பம் ஆகிய பகுதிகளை "பிசைதல், வனைதல், உலர்த்தல், சுடுதல்" என்ற நான்கு சொற்களாக மனனம் செய்துவிட்டுப் பரீட்சைக்குச் செல்வோர் பலர். "களிமண் கலைஞர் எதிர்நோக்கும் சிரமங்களை விளக்குக" என்று வினா வந்தால் அவர்களின் விடை "பானை உடைந்துவிடும்" என்ற ஒரு வரியோடு நின்றுவிடும். அது எந்தக் கட்டத்தில் உடைந்தது? எதனால் உடைந்தது? அடுத்த முறை அதை எவ்வாறு தவிர்க்கலாம்? இம்மூன்றையும் எழுதும்போதுதான் விடை முழுமை பெறும்.

இக்கட்டுரையில் நாம் மனத்திற் பதிக்க வேண்டிய கருத்து ஒன்றுதான். களிமண் வேலையில் ஏற்படும் ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கப் பழகுவதே இக்கலை தரும் முதற் பலன்.

இதனைக் கற்றபின் நீங்கள்,
• களிமண்ணின் பிரதான இயல்புகளைக் கூறுவீர்கள்.
• வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஏற்படும் குறைபாட்டைக் காரணத்துடன் விளக்குவீர்கள்.
• இக்கலையின் பலன்களை வரலாற்றுச் சான்றுகளுடன் எழுதுவீர்கள்.

1. களிமண்ணின் இயல்புகள்

(அ) குழைவுத்தன்மை: களிமண்ணின் துணிக்கைகள் மிக நுண்ணிய தட்டுகள் போன்றவை. அவற்றிற்கிடையே நீர் இருக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அதனால் நாம் கொடுக்கும் உருவத்தை மண் ஏற்று வைத்திருக்கிறது. மணலுக்கு இவ்வியல்பு இல்லை.

(ஆ) சுருங்குதல்: நீர் வெளியேறும்போது துணிக்கைகள் நெருங்கி வருகின்றன. சுடும்போது மண் மேலும் சுருங்கும். மண்ணின் வகைக்கேற்ப இந்த அளவு மாறும். ஒரு மண் மொத்தமாக 12 சதவீதம் சுருங்கும் என்று கொள்வோம். 22 சென்ரிமீற்றர் உயரமான சாடி தேவையெனில், 22ஐ 0.88 ஆல் வகுக்க 25 வரும். ஆகவே ஈரநிலையில் 25 சென்ரிமீற்றர் உயரத்திற்கு வனைய வேண்டும்.

(இ) சூட்டினால் மாறுதல்: உலர்ந்த பானையை நீரில் இட்டால் மீண்டும் சேறாகும். செந்நிறமாகும்வரை சுட்ட பானை அவ்வாறு கரையாது. ஏறத்தாழ 450 முதல் 600 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையில், களிமண்ணுடன் இரசாயன முறையில் பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடும். அதன் பின்னர் அது மண்ணாகத் திரும்புவதில்லை.

சுடும் வெப்பநிலையைக் கொண்டு மட்பொருட்களை வகைப்படுத்தலாம். திறந்த வெளியில் விறகும் வைக்கோலும் கொண்டு சுடும் சட்டி பானைகள் பொதுவாக 700 முதல் 900 பாகை வரையான சூட்டைப் பெறும். கல்போன்ற இறுக்கமுடைய கற்கலங்களுக்கு 1200 முதல் 1300 பாகை வரை தேவை. பீங்கானுக்குப் பெரும்பாலும் அதனிலும் கூடிய சூடு வேண்டும். பீங்கானுக்கு வேண்டிய வெண்களி, அதாவது கயோலின், எமது நாட்டில் பொரலஸ்கமுவ, மீட்டியாகொட ஆகிய இடங்களில் கிடைக்கிறது.

2. சிரமங்களும் அவற்றின் காரணங்களும்

(1) நடுநிலைப்படுத்தல் கைகூடாமை
சக்கரத்தில் வைத்த மண்ணுருண்டை சரியாக நடுவில் சுழல வேண்டும். ஒரு பக்கம் சிறிது விலகியிருந்தாலும் சுவரை உயர்த்தும்போது ஒரு புறம் தடிப்பாகவும் மறுபுறம் மெல்லியதாகவும் வரும். பின்னர் பாத்திரம் ஆடி, மடிந்து விழும். புதிதாகப் பழகுவோர் அதிகம் சலிப்படையும் இடம் இதுவே. முழங்கையைத் தொடையிலோ விலாவிலோ ஊன்றி, கையை அசையாது வைத்து, மண் கைக்கு இணங்கும்வரை காத்திருக்க வேண்டும். நூலைப் படித்து இதனைக் கற்க முடியாது. கை பலமுறை செய்தே கற்கும்.

(2) உலரும்போது வெடித்தலும் கோணலும்
மெல்லிய விளிம்பு விரைவாகவும் தடித்த அடிப்பகுதி மெதுவாகவும் உலரும். ஒரு பகுதி சுருங்க மறுபகுதி சுருங்க மறுப்பதால் இடையில் வெடிப்பு விழும். காற்று ஒரு பக்கத்தில் மட்டும் பட்டால் பாத்திரம் கோணும். ஈரத்துணியால் அல்லது பொலித்தீனால் மூடி, நிழலில் வைத்து, இடையிடையே திருப்பி மெதுவாக உலர்த்துவதே பரிகாரம்.

(3) கைபிடி கழன்று விழுதல்
ஈரமான கைபிடியை நன்கு உலர்ந்த கோப்பையில் ஒட்டினால் இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கும். ஆகவே கைபிடி பிரிந்துவிடும். இரண்டும் தோற்பதமாக, அதாவது தொட்டால் குளிர்ந்து, அழுத்தினால் எளிதில் நெளியாத நிலையில் இருக்கும்போது ஒட்ட வேண்டும். ஒட்டுமிடங்களைக் கீறி, குழைத்த களிக்கூழ் தடவி அழுத்த வேண்டும்.

(4) சூளையில் வெடித்துச் சிதறுதல்
வெளியே காய்ந்ததுபோல் தோன்றும் பாத்திரத்தின் தடித்த பகுதியினுள் ஈரம் இருக்கலாம். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு இடத்தைப் பிடிக்கும். சூடு விரைவாக ஏறினால் ஆவி வெளியேற வழியின்றிச் சுவரைப் பிளக்கும். ஒரு பாத்திரம் சிதறினால் அருகிலுள்ளவையும் சேதமடையும். ஆகவே தொடக்கத்தில் தீ மிக மெதுவாக இருக்க வேண்டும். பெரிய சிற்பங்களை உள்ளே வெறுமையாகச் செய்து, காற்று வெளியேற ஒரு துவாரம் இடுவதும் இதற்காகவே.

(5) ஆறும்போது விரிசல்
மண்ணிலுள்ள குவார்ட்ஸ் 573 பாகை செல்சியஸ் அளவில் திடீரெனப் பருமன் மாறும். சூடு ஏறும்போது விரியும்; இறங்கும்போது சுருங்கும். சூளையை அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த காற்றுப் பட்டு நல்ல பாத்திரமும் விரிசலடையும். ஒரு நாள் பொறுமையின்மை பல நாள் உழைப்பை அழித்துவிடும்.

(6) சுண்ணாம்புப் பொரிவு
கடலோர மண்ணில் சிப்பி, ஊரி ஆகியவற்றின் சிறு துண்டுகள் கலந்திருக்கும். இவை கல்சியம் காபனேற்று ஆகும். சுடும்போது கல்சியம் ஒட்சைட்டாக மாறும். சூளையிலிருந்து எடுத்தபோது பாத்திரம் அழகாகவே இருக்கும். சில நாட்களின் பின் அத்துண்டுகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பெருத்து, மேற்பரப்பைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கும். மண்ணை நீரில் கரைத்து மெல்லிய அரிப்பால் வடிப்பதே இதற்குத் தீர்வு.

(7) மெருகுக் குறைபாடுகள்
மெருகு என்பது பாத்திரத்தின் மேல் உருகிப் படியும் கண்ணாடி போன்ற படையாகும். சிலிக்கா, அலுமினா, உருகலை எளிதாக்கும் பொருள் ஆகிய மூன்றும் அதில் உண்டு. உட்பாத்திரத்தைவிட மெருகு அதிகமாகச் சுருங்கினால் வலைபோன்ற கீறல்கள் தோன்றும். தூசி, எண்ணெய்ப்பசை இருந்த இடத்தில் மெருகு ஒட்டாது விலகிச் சுருளும். பூசும்போது சாம்பல்நிறக் குழம்பாக இருப்பது சூட்டின் பின் நீலமாகவோ பச்சையாகவோ வரலாம். ஓவியர் தாம் தீட்டும் நிறத்தை உடனே காண்கிறார். மட்பாண்டக் கலைஞரோ சூளை திறக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

பரீட்சைக் குறிப்பு: குறைபாடு, கட்டம், காரணம், பரிகாரம் என்ற நான்கையும் ஒரே பந்தியில் எழுதப் பழகுங்கள். "கவனக்குறைவு" என்று மட்டும் எழுதுவது காரணமாகாது.

3. விடாமுயற்சிக்கு இரு சான்றுகள்

பெர்னார் பலிசி: 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரான்ஸ் நாட்டவர். கண்ணாடியில் ஓவியம் தீட்டி வாழ்ந்த இவர், வெண்மெருகு பூசிய ஒரு கிண்ணத்தைக் கண்டு அதன் இரகசியத்தை அறிய முற்பட்டார். களிமண்ணைப் பற்றிய அறிவு அவருக்கு அப்போது இருக்கவில்லை. ஏறத்தாழ 16 ஆண்டுகள் முயன்றார். ஒரு முறை விறகு தீர்ந்தபோது தோட்டத்து வேலிக் கம்புகளையும், பின்னர் வீட்டு மேசைகளையும் தரைப் பலகைகளையும் சூளையில் இட்டு எரித்தார். அயலவர் அவரைப் பித்தர் என்றனர். வேறொரு முறை மெருகு நன்றாக உருகியது. ஆனால் சூளைச் சுவரின் சாந்திலிருந்த கற்கள் சூட்டில் வெடித்து, அவற்றின் கூரிய துணுக்குகள் எல்லாப் பாத்திரங்களிலும் ஒட்டிக்கொண்டன. குறைந்த விலைக்கு வாங்கச் சிலர் முன்வந்தனர். கடன் இருந்தபோதும், தம் பெயருக்கு இழுக்கு என்று கருதி அவற்றை உடைத்துவிட்டார். இவ்வனுபவங்களை அவரே 1580இல் வெளியான தமது நூலில் பதிவு செய்துள்ளார். ஒவ்வொரு தோல்வியிலும் காரணத்தைத் தேடியதாலேயே இறுதியில் புகழ்பெற்ற மெருகுக் கலைஞரானார்.

பலிசியின் முயற்சி தனி மனிதருடையது. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அறிவுக்கு அடுத்த சான்றைத் தமிழ்நாட்டில் காணலாம்.

ஐயனார் குதிரைகள்: புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளில் கிராம மக்கள் ஐயனாருக்கு நேர்த்தியாகச் சுடுமண் குதிரைகளைக் கொடுப்பர். புரவியெடுப்பு என்னும் விழாவில் அவற்றை ஊர்வலமாகக் கொண்டு செல்வர். இவற்றைச் செய்வோர் வேளார் எனப்படும் குயவர்களாவர். பலர் அக்கோயில்களின் பூசாரிகளாகவும் உள்ளனர். ஆள் உயரத்தையும் மிஞ்சும் குதிரையைச் சக்கரத்தில் ஒரே துண்டாக வனைய முடியாது. கால்களை உருளைகளாக நிறுத்தி, அவை பாரம் தாங்குமளவு உலர்ந்த பின்னரே அதன்மேல் வயிற்றுப் பகுதியை மண்திரிகளால் வளர்ப்பர். அவசரப்பட்டால் கால் நசியும். மிகத் தாமதித்தால் புது மண் ஒட்டாது. மண்ணுடன் மணலும் உமியும் சேர்ப்பதால் சுருக்கம் குறைகிறது. சுடும்போது உமி எரிந்து சிறு துளைகள் ஏற்படுவதால் ஆவி வெளியேறவும் வழி கிடைக்கிறது. முன் பகுதியில் நாம் படித்த விதிகள் யாவும் இங்கே நடைமுறையில் இருப்பதைக் கவனியுங்கள்.

4. இக்கலை தரும் பலன்கள்

(அ) கையின் அறிவு வளர்தல்
மண் எப்போது தோற்பதம் அடைந்தது என்பதை விரல் சொல்லும். சூளையின் சூட்டைத் தீயின் நிறம் சொல்லும். மங்கிய சிவப்பிலிருந்து செம்மஞ்சளாக மாறும்போது சூடு உயர்கிறது என்பதை அனுபவமுள்ள குயவர் கருவியின்றியே அறிவார். இத்தகைய கூர்மையான அவதானம் வேறு பாடங்களுக்கும் உதவும்.

(ஆ) குறையையும் பயனாக்கல்
குறைந்த சூட்டில் சுட்ட சட்டியில் நுண்துளைகள் இருப்பதால் நீர் கசியும். கோப்பைக்கு இது குறை. தண்ணீர்ப் பானைக்கோ இதுவே சிறப்பு. கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளேயுள்ள நீர் குளிர்கிறது. மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர் சட்டியில் கட்டியாக இருப்பதற்கும் மேலதிக நீரை மண் உறிஞ்சுவதே காரணம். பிளாஸ்ரிக் கோப்பையால் இந்த வேலையைச் செய்ய முடியாது.

(இ) தீயினால் அழகு
களிமண்ணிலுள்ள இரும்பு, ஒட்சிசன் நிறைந்த தீயில் சிவப்பாகும். காற்று அடைபட்டுப் புகை சூழ்ந்தால் கறுக்கும். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உட்புறமும் விளிம்பும் கறுப்பாகவும் வெளிப்புறம் சிவப்பாகவும் அமைந்தன என்பதே பெருங்கற்காலக் கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களுக்கு அறிஞர் தரும் பொதுவான விளக்கம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இவை கிடைத்துள்ளன.

(ஈ) காலத்தை வெல்லுதல்
துணி மக்கும், மரம் உளுக்கும், இரும்பு துருப்பிடிக்கும். சுட்ட மண் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலைக்கும். புத்தளம் மாவட்டத்தின் பொம்பரிப்பில் கிடைத்த ஈமத் தாழிகள் தமிழ்நாட்டின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளுடன் ஒப்பிட்டு ஆராயப்படுகின்றன. 2014–15இல் அகழாய்வு தொடங்கிய கீழடியில், எழுத்துப் பொறித்த பானையோடுகள் சங்ககால மக்களின் பெயர்களை எமக்குத் தந்துள்ளன. மன்னார் மாந்தையில் சீனாவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்த மட்கலங்களின் துண்டுகள் கண்டெடுக்கப்பட்டன. யாழ்ப்பாணம் அல்லைப்பிட்டியில் 1977இல் சொங் வம்சக் காலச் சீன மட்கலங்கள் கிடைத்தன. எமது துறைமுகங்களுக்கு யார் வந்தார்கள் என்பதை உடைந்த ஓடுகளே சொல்கின்றன. புறநானூற்றின் 256ஆம் பாடலில், கணவனை இழந்த பெண் ஒருத்தி, தனக்கும் இடம் இருக்கும்படி தாழியைப் பெரிதாகச் செய்யுமாறு குயவரிடம் வேண்டுகிறாள். மட்பாண்டம் சமையலறைப் பொருளாக மட்டும் இருந்ததில்லை என்பதற்கு இது சான்று.

(உ) தொழிலும் மதிப்பும்
அமெரிக்கரான ரே மீக்கர், டெபோரா ஸ்மித் ஆகியோர் 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தை நிறுவினர். உயர்சூட்டில் மெருகிட்ட கற்கலங்களைச் செய்யும் முறையை அங்கே பல இந்தியக் கலைஞர்கள் கற்றனர். புதுச்சேரி வில்லியனூரைச் சேர்ந்த சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. எமது மாகாணத்தில் காண்பியக் கலைகளை உயர்கல்வியாகக் கற்க விரும்புவோருக்கு மட்டக்களப்பு, கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் உண்டு.

எனினும் ஒன்றை மறைக்கக் கூடாது. தயிர்ச் சட்டியைக் கழுவி எறிந்துவிடுகிறோம். கார்த்திகை விளக்கீட்டுச் சிட்டியை மறுநாளே மறந்துவிடுகிறோம். மண் தோண்டி, மிதித்து, வனைந்து, உலர்த்தி, விறகு தேடிச் சுட்டவரின் உழைப்பு அதன் விலையில் தெரிவதில்லை. சூளையில் உடைந்தவற்றின் நட்டமும் அவருடையதே. இச்சிரமத்திற்குச் சூளையைக் காரணம் காட்ட முடியாது. பொருளின் பின்னாலுள்ள அறிவை வாங்குவோர் அறியாதிருப்பதே காரணம். இப்பாடத்தைக் கற்கும் நீங்கள் அதனை அறிந்தவர்களாக இருங்கள்.

5. எமது சூழலில் களிமண் வேலை

திருகோணமலையில் இருந்து வேலை செய்வோர் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

காற்று: ஆண்டின் நடுப்பகுதியில் வீசும் கச்சான் காற்று வெப்பமும் வரட்சியும் உடையது. அக்காற்றுப்பட வைத்தால் பாத்திரம் ஒரு பக்கம் உலர்ந்து வெடிக்கும். மாரிகாலத்தில் நிலைமை நேரெதிர். நாட்கள் சென்றாலும் உள்ளீரம் போகாது. அந்நாட்களில் பாத்திரத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஈரம் உண்டு.

மண்: துறைமுகக் கரையோரத்து மண்ணில் சிப்பித் துண்டுகள் இருக்கலாம். உலர்ந்த மண்ணில் சில துளி வினாகிரி விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு. வயற்புற, குளத்தோரக் களிமண் பெரும்பாலும் ஏற்றது. அதனையும் உரியவரின் அனுமதியுடனேயே எடுக்க வேண்டும்.

கனியம்: எமது மாவட்டத்தின் புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் ஆகிய கனியங்கள் உள்ளன. இவற்றுள் சிர்கோன் மெருகை வெண்மையாகவும் ஒளி ஊடுருவாததாகவும் ஆக்கப் பயன்படும். பலிசி 16 ஆண்டுகள் தேடிய வெண்மெருகை இன்று உண்டாக்க உதவும் பொருள்களில் ஒன்று எமது கரையிலேயே கிடைக்கிறது.

செயற்பாடு: ஒரே மண்ணில் மூன்று சிறு பட்டிகள் செய்து, ஒவ்வொன்றிலும் 10 சென்ரிமீற்றர் நீளக் கோடு கீறுங்கள். ஒன்றை வெயிலிலும், ஒன்றை நிழலிலும், ஒன்றைப் பொலித்தீனால் மூடியும் உலர்த்துங்கள். நன்கு உலர்ந்தபின் கோட்டை அளவிடுங்கள். கோடு 9.4 சென்ரிமீற்றர் எனின் உலர் சுருக்கம் 6 சதவீதம். எந்தப் பட்டி கோணியது, எது வெடித்தது என்பதைத் திகதியுடன் பயிற்சிக் கொப்பியில் குறியுங்கள். வெடித்த பட்டியை எறிய வேண்டாம். அதுவே உங்கள் சான்று.

6. மாதிரி வினாக்களும் விடைகளும்

வினா 1: தோற்பதம் என்றால் என்ன?
விடை: ஈரம் ஓரளவு நீங்கி, உருவம் நெளியாது நிற்கும் அதேவேளை செதுக்கவும் ஒட்டவும் கூடியதாகக் களிமண் இருக்கும் நிலை.

வினா 2: பெரிய சுடுமண் சிற்பம் உள்ளே வெறுமையாகச் செய்யப்படுவதற்கு இரு காரணங்கள் தருக.
விடை: சுவர் ஒரே அளவு தடிப்பில் இருந்து சீராக உலர்வதற்கு, உள்ளீரம் தங்கி ஆவியாகிச் சிற்பத்தைச் சிதறடிக்காதிருப்பதற்கு.

வினா 3: "மட்பாண்டக் கலைஞருக்குத் தோல்வியும் ஓர் ஆசிரியர்." இக்கூற்றை ஆராய்க.
விடை (சுருக்கம்): களிமண் வேலையில் வனைதல், உலர்த்தல், சுடுதல், ஆறவிடல் ஆகிய ஒவ்வொரு கட்டத்திலும் குறைபாடு தோன்றலாம். விளிம்பு வெடித்தால் சீரற்ற உலர்தலும், சூளையில் சிதறினால் உள்ளீரமும், பின்னர் மேற்பரப்பு பெயர்ந்தால் சுண்ணாம்புத் துண்டும் காரணமாகலாம். உடைந்த துண்டை ஆராயும் கலைஞர் அடுத்த முறை தமது செய்முறையை மாற்றுகிறார். பெர்னார் பலிசி ஏறத்தாழ 16 ஆண்டுகள் இவ்வாறு முயன்று வெற்றி பெற்றார். ஐயனார் குதிரை செய்யும் வேளார் மண்ணில் உமி சேர்ப்பதும் இவ்வாறு அனுபவத்தால் பெற்ற அறிவின் பயனே. எனவே காரணம் தேடுபவருக்கே தோல்வி ஆசிரியராகிறது. காரணம் தேடாதவருக்கு அது வெறும் நட்டமே.

7. பயிற்சி வினாக்கள்

1. 18 சதவீதம் சுருங்கும் மண்ணில், சுட்டபின் 41 சென்ரிமீற்றர் உயரமான சாடி தேவை. ஈரநிலையில் எவ்வளவு உயரத்திற்கு வனைய வேண்டும்? (விடை: 50 சென்ரிமீற்றர்)
2. சூளையை அவசரப்பட்டுத் திறப்பதால் ஏற்படும் பாதிப்பைக் காரணத்துடன் விளக்குக.
3. தயிர்ச் சட்டிக்கு உள்ளேயும் வெளியேயும் மெருகு பூசினால் தயிரில் என்ன மாற்றம் ஏற்படலாம்?
4. உங்கள் வீட்டிலுள்ள ஒரு மட்பொருளை எடுத்து அதன் நிறம், தடிப்பு, ஓசை, குறைகள் ஆகியவற்றை அவதானியுங்கள். அது எவ்வாறு செய்யப்பட்டிருக்கும் என ஒரு பந்தி எழுதுக.

நான்காவது வினாவிற்கான விடையை எந்தப் புத்தகத்திலும் தேட வேண்டாம். அடுப்படியில் இருக்கும் சட்டியைக் கையில் எடுத்துத் தட்டிப் பாருங்கள். விரிசல் இருந்தால் ஓசை மங்கும். இல்லாவிட்டால் தெளிவாக ஒலிக்கும்.